துணிக்கு முன்னால் நாலு விரற்கடை

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. மார்ச் மாசம் பேங்க்காரன் எதுவும் எழுதமாட்டான், ஏப்ரலில் ஆடிட்டருக்குப் பதில் எழுதுவான், மே மாசம் டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் படிப்பான். எனக்கும் வந்துவிட்டது. மதுரை. நாலரை வருஷக் கல்கத்தா வாசம் ஜூனோடு சரி. (கொல்கத்தா என்றுதான் எழுதணும், தெரியும். வாயில் வருவது இதுதான்.)

ஆனால் இது மாற்றலைப் பற்றிய பதிவு இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை வீட்டு ஹாலில் ரெக்கார்ட் பண்ணுவது எப்படி என்ற பதிவு. சிரிக்காதீங்க. பி.காம். படித்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நானும்தான் கேட்டேன். வெளியூரில் இருக்கிற நம் வீடுகளில் இன்றைக்குப் பாதிக்குப் பாதி ஒரு கிட்டாரும், "அந்தச் சத்தத்தைக் குறைடா" என்று கத்துகிற ஒரு அப்பாவும் இருக்கிறார்கள். அந்த அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அவனோடு பேஸ் கிட்டார் வாசிக்கும் பெங்காலிப் பையன் படிக்க புனே போகிறான். டிரம்ஸ் பையன் இங்கேயே இருப்பான். மூணு பேரும் மூணு வருஷமாக ஒரே ஒரு சொந்தப் பாட்டைத் தேய்த்துத் தேய்த்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பதிவு பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தது ரெண்டே ஞாயிற்றுக்கிழமை. டிரம்ஸை மட்டும் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த ஒரு பிராக்டிஸ் அறையில் முடித்து பென் டிரைவில் கொண்டு வந்துவிட்டார்கள். மிச்சத்துக்குக் காசு இல்லை. "அப்பா, நம்ம ஹால்ல பண்ணலாமா?" என்றான்.

தங்கமணி என்னைப் பார்த்தாள். காரணம் உண்டு. அவன் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அந்த ஆம்பைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் ஏற்றினவன் நான்தான். பதினோரு மாசம். அவன் சண்டை போடவில்லை. ராத்திரி கிட்டாரை எதிலும் சொருகாமல் சும்மா வாசித்துக்கொண்டிருப்பான், கொசு பாடுகிற மாதிரி கேட்கும். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அப்போதே தோன்றியது. சொல்லவில்லை.

"பண்ணலாம். நானும் இருக்கேன்," என்றேன்.

இந்த ஊரைப் பற்றி ரெண்டு வார்த்தை. நம்ம ஆட்களுக்குக் கல்கத்தா என்றால் ரசகுல்லா, ரவீந்திர சங்கீதம், லேக் மார்க்கெட்டில் கிடைக்கும் கறிவேப்பிலை. ஆனால் இந்தியாவில் ராக் இசைக்கு வேர் பிடித்த ஊர்களில் இது முக்கியமான ஒன்று. பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறியவர்தான் நம்ம உஷா உதுப். 1975 வாக்கில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய மொஹீனேர் கோராகுலி பெங்காலியிலேயே ராக் பண்ணியது. அவர்களுடைய மெட்டு ஒன்றுதான் 2006-ல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் ஜேம்ஸ் பாடிய பாட்டாக நாடு முழுக்க ஒலித்தது. எழுபதுகளில் 'ஹை' என்ற குழுவை நடத்தியவர் பெயர் திலீப் பாலகிருஷ்ணன் என்று பையன் சொன்னபோது, நம்ம பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு இளையராஜா, சொந்தமாக இசையமைக்க வருவதற்கு முன்னால் கிட்டார் வாசித்தது சலில் சௌத்ரியின் குழுவில். அந்த சலில்தா இந்த ஊர்க்காரர். இதையெல்லாம் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம் :-)

இன்னொன்றும் சொல்லணும். இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்காக முதன்முதலில் பாட்டு பதிவானதும் இந்த ஊரில்தான், 1902 நவம்பரில். ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்று இருக்கும், அதற்குள் பாட வேண்டும், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகைக் கீறும். வாய் கொஞ்சம் விலகினால் பாட்டு மங்கிவிடும், ரொம்ப ஒட்டிக் கத்தினால் ஊசி துள்ளிவிடும். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரையும் சொல்லி முடிப்பார். தட்டு ஜெர்மனியில் ஹனோவருக்குப் போய் அச்சாக வேண்டும், இது யாருடையது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! புனலில் இருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் அன்றைக்குப் பெரிய பிரச்சினை. எங்கள் ஹாலிலும் அதேதான் நடந்தது.

முதல் ஞாயிறு. சாமான் பட்டியல் சின்னதுதான். 15 வாட் ஆம்ப், அதில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று. டிரம்ஸ் பையனின் மாமாவிடம் இரவல் வாங்கின ஷ்யூர் எஸ்எம்57 மைக். 1965-ல் வந்த மாடல், இன்றைக்கும் உலகம் பூரா கிட்டார் ஆம்புக்கு முன்னால் நிற்பது இதுதான். இது கிடைக்கவில்லை என்றால் கோயில் விழாவில் பார்க்கிற அஹூஜா டைனமிக் மைக்கே போதும், ஒன்றும் குடி முழுகாது. மைக்கை லாப்டாப்பில் சேர்க்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். சாந்தினி மார்க்கெட்டில் ஒயர் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பற்ற வைத்துக்கொண்டு வந்த ரெண்டு கேபிள்.

ஆம்பை ஹால் மூலையில் தரையில் வைத்தோம். ஒரு அடி தள்ளி மைக். பையன் எழுந்து நின்று, தன் காதுக்கு இதமாக வரும் வரை குமிழ்களைத் திருகினான். டிரெபிள் முக்கால், கெயின் முழுசு. ஹாலில் கேட்கும்போது பிரமாதமாக இருந்தது, எனக்கே! ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் குளவி விட்ட மாதிரி இருக்கிறது. நாலு தடவை எடுத்தோம். நாலும் குளவிதான். மைக் சரியில்லை என்றான் ஒருத்தன், ஆம்ப் சின்னது என்றான் இன்னொருத்தன். சாஃப்ட்வேரிலேயே ஆம்ப் சத்தம் வருகிறதே, இது எதற்கு என்றான் டிரம்ஸ் பையன். அவன் சொன்னது தப்பில்லை. இப்போது வரும் ஆம்ப் சிமுலேட்டர்கள் நன்றாகவே இருக்கின்றன, ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவும் இல்லை. ஆனால் பையனுக்கு அந்த ஆம்பின் சத்தமே வேண்டும். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் உறைத்தது. அவன் காது தரையிலிருந்து அஞ்சரை அடி உயரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரோ அவன் முழங்காலுக்கும் கீழே. உச்ச ஸ்தாயிச் சத்தம் ஸ்பீக்கரின் நடுவிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும், மேலே நிற்கிறவன் காதுக்குப் பாதிகூட வராது. அதனால் அவன் டிரெபிளைக் கூட்டுகிறான். மைக் அந்த வெளிச்சத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து மொத்தத்தையும் வாங்குகிறது. வாடிக்கையாளர் கவுன்டருக்கு வெளியே நின்று பார்க்கும் பேங்க் வேறு, உள்ளே உட்கார்ந்து பார்க்கும் பேங்க் வேறு இல்லையா? அதே கதை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் ஆம்பைத் தூக்கி மோடா மேல் வைத்தேன். (மோடா என்றால் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் மூங்கில் முக்காலி.) மூலையிலிருந்து நாலடி முன்னால் இழுத்தேன். மூலையில் வைத்தால் ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ்ஸ்தாயியை உப்ப வைத்துவிடும். பையனைத் தரையில் உட்கார வைத்து, காதை ஸ்பீக்கர் மட்டத்துக்குக் கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொன்னேன். "ஐயே, இவ்ளோ கூர்மையாவா இருக்கு!" என்று அவனே டிரெபிளைப் பாதியாக்கினான். கெயினையும் குறைக்கச் சொன்னேன். ஹாலில் நிற்கும்போது கெயின் எவ்வளவு இருந்தாலும் பத்தாத மாதிரி இருக்கும். பதிவில் அது நோட்டு நோட்டாகப் பிரிந்து கேட்காமல் ஒரே கூழாகிவிடும். தனக்குப் போதும் என்று தோன்றுகிற அளவிலிருந்து கால் பங்கு குறைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அப்புறம் டார்ச். ஸ்பீக்கர் துணிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு குமிழ் மூடி தெரியும், அதைச் சுற்றிக் காகிதக் கூம்பு. மைக்கை மூடியின் நட்டநடுவில் காட்டினால் கிறீச்சென்று வரும். கூம்பின் வெளி ஓரத்தில் காட்டினால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கும். மூடி முடிந்து கூம்பு தொடங்குகிற அந்த விளிம்பில் வையுங்கள். துணியை ஒட்டவே ஒட்டினால் இந்த வகை மைக்குகள் கீழ்ஸ்தாயியை இல்லாத அளவுக்கு ஊதிக் காட்டும். ஒரு அடி தள்ளினால் அறையின் எதிரொலி உள்ளே வந்துவிடும். துணிக்கு முன்னால் நாலு விரற்கடை என்பது எங்களுக்குச் சரியாக வந்தது. உங்கள் வீட்டில் மூணாக இருக்கலாம், அஞ்சாக இருக்கலாம். அங்கிருந்து ஆரம்பித்து நகர்த்துங்கள்.

நகர்த்துவதற்கு ரெண்டு பேர் வேண்டும். இதுதான் அப்பாவின் உத்தியோகம். அவன் ஒரே நாலு கார்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான், நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மண்டி போட்டு, மைக்கை அரை விரல் அரை விரலாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஃபேனை நிறுத்தியாச்சு. கல்கத்தா மே மாசத்தில் ஃபேனை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஃபேன் காற்றுச் சத்தத்துக்காக மட்டும் இல்லை, பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பாதியில் இருந்தால் கிட்டார் பிக்கப்பில் 'ர்ர்ர்' என்று இரைச்சல் ஏறும். அதையும் அணைத்தபின் மிச்சம் இருந்த இரைச்சல், பையன் உட்கார்ந்திருந்த திசையைக் கால் வட்டம் திருப்பியதும் அடங்கியது. அரை விரல் நகர்த்தினால் சத்தம் மாறுகிறது என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அளக்கிறான் என்றிருப்பேன். மாறுகிறது. ஒரு இடத்தில் வந்ததும் ரெண்டு பேருமே ஒரே சமயத்தில் "இங்க" என்றோம். மைக் ஸ்டாண்டைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டேன். நல்ல சிவப்பு சிமென்ட் தரை. தங்கமணி அது கோலமா என்று கேட்டாள்.

கரண்ட் விஷயத்தில் விளையாடாதீங்க. ஆம்பும் லாப்டாப்பும் ஒரே பிளக் போர்டில் இருக்கட்டும், லாப்டாப்பை முடிந்தால் பேட்டரியில் ஓட்டுங்கள், உறுமல் குறையும். உறுமல் போகிறதே என்று மூணு பின் பிளக்கில் எர்த்தை மட்டும் எடுத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் பிள்ளையின் கை.

இங்கே ஒரு இடைஞ்சல். ஆம்பின் வால்யூம் குமிழைத் தொட்டாலே 'கரகர'. உள்ளே ஈரக்காற்றும் தூசியும் ஏறியிருக்கிறது என்றான் சாந்தினி மார்க்கெட் கடைக்காரன். "கொஞ்ச நாள் பூட்டி வெச்சிருந்தீங்களோ?" என்று இந்தியில் கேட்டான். பதில் சொல்லாமல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று வாங்கி வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழின் இடுக்கில் அடித்து, இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன். கரகரப்பு முக்காலே மூணு வீசம் போய்விட்டது. மிச்சம் இருப்பது இருக்கட்டும், வாசிக்கும்போது அதைத் தொடமாட்டேன் என்றான் பையன். ஏன் வந்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரெண்டாவது ஞாயிறு. காலையிலேயே பேஸ் பையன் அவனுடைய பேஸ் ஆம்பை டாக்ஸியில் வைத்துக் கொண்டு வந்துவிட்டான். வாசித்தான். முதல் நோட்டுக்கே பழைய மர ஜன்னல் சட்டங்கள் கடகடவென்று ஆடின. கீழ்வீட்டு மாஷிமா படியேறி வந்து, அலமாரியில் பீங்கான் கோப்பை நகர்கிறது என்றார். (குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் என்று 2000-ஆம் வருஷச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. மாஷிமா விதி எதுவும் சொல்லவில்லை, ரெண்டு சந்தேஷ் கொடுத்துவிட்டுப் போனார்.)

பேஸில் சூட்சுமம் வேறு. கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை ஆடுகிறது, பேஸின் தடித்த கம்பி 41 தடவை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, வகுத்துப் பாருங்கள், ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். எங்கள் ஹால் அதில் பாதிகூட இல்லை. சின்ன அறையில் சில நோட்டு இடிக்கும், சில நோட்டு காணாமலே போகும். ஜன்னல் பக்கம் நின்றால் ஒரு கதை, கதவுப் பக்கம் நின்றால் வேறு கதை. மைக்கை எங்கே வைத்தாலும் முழுக்கச் சரிவராது. அதனால் பேஸுக்கு முதல் வழி டிஐ பாக்ஸ். கிட்டாரிலிருந்து வரும் ஒயரை அந்தச் சின்னப் பெட்டியில் சொருகினால், ஒரு கிளை நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகும், இன்னொரு கிளை ஆம்புக்குப் போகும். நேரடி வரியில் அறையே கிடையாது, சுத்தமான சத்தம். பெட்டி இல்லையென்றால், உங்கள் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று ஒரு சொருகல் இருக்கும், அதுவே போதும்.

ஆனால் சுத்தமாக மட்டும் இருந்தால் சாம்பார் இல்லாத இட்லி. அதனால் ஆம்பைச் சின்னச் சத்தத்தில் வைத்து, ஒரு அடி தள்ளி மைக்கையும் வைத்து ரெண்டையும் எடுத்தோம். தனித்தனியாகக் கேட்டால் ரெண்டும் அருமை. சேர்த்துப் போட்டால் உள்ளே குடைந்த மூங்கில் மாதிரி! மூணு பையன்களும் தலையைச் சொறிந்தார்கள். இந்த இடத்தில்தான் பி.காம். உதவியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ரெண்டு லெட்ஜரும் தனித்தனியே சரி, ஒன்றோடொன்று டாலி ஆகவில்லை என்றால் தேதியைப் பார்க்கணும். ஒயர் வழியாக வருவது உடனே வந்துவிடுகிறது. காற்று வழியாக வருவது ஒரு அடி நடந்து வர வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் தாமதம். அந்தத் தாமதத்தில் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வந்து, ஐநூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெண்டும் அடித்துக்கொண்டு கழிந்துபோகின்றன. திரையில் பெரிதாக்கிப் பார்த்து, மைக் வரியை இடது பக்கம் நகர்த்தி முதல் மேட்டோடு மேடு பொருத்தினான் பையன். பேஸ் எழுந்து உட்கார்ந்தது. அப்படியும் மெலிந்து கேட்டால், ஒரு வரியின் போலாரிட்டியைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எதில் குண்டாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் வரியைக் கொஞ்சமாகவாவது சேர்ப்பதற்கு இன்னொரு காரணம், நம்ம சொந்தக்காரர்கள். அத்தனை பேரும் இதைக் கேட்கப்போவது போன் ஸ்பீக்கரில். அதில் 41 ஹெர்ட்ஸ் எந்த ஜென்மத்திலும் வராது. ஆம்பின் கரடுமுரடு சேர்ந்தால் மேல் ஒலிகள் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடியில் இருக்கிற நோட்டைக் காது தானே ஊகித்துவிடும்.

மத்தியானம் கிட்டார். சிவப்பு விளக்கு எரியக்கூடாது. 24 பிட்டில் எடுத்தால் உச்சி மைனஸ் 12 டெசிபலைத் தொட்டாலே தாராளம், கூட்டி வைத்து ஒரு லாபமும் இல்லை. கிட்டாருக்கும் நேரடி வரி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தோம். நாளைக்கு ஆம்ப் சத்தம் பிடிக்காமல் போனால் அதை வேறு ஆம்பிலோ சாஃப்ட்வேரிலோ விட்டு எடுக்கலாம். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று வேண்டுமென்றால் ரெண்டு தடவை வாசிக்கணும். ஒரே பதிவைக் காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டால் நடுவில் சத்தம் கூடும், அவ்வளவுதான், அகலம் வராது. பையன் ரெண்டாவது தடவை வாசித்தபோது சாயங்காலமாகிவிட்டது. முக்கால் பாட்டு தாண்டும்போது மேல்வீட்டில் சங்கு ஊதினார்கள், சந்தியாகால விளக்கு. மூணு தடவை, நீளமாக. நேராக மைக்குக்குள். மறுபடியும் முதலிலிருந்து.

அந்த மறுபடிதான் கடைசியாக நின்றது. பேஸ் பையனுக்கு அன்றைக்கு ராத்திரி ரயில். அவனுடைய பெட்டி ஏற்கெனவே எங்கள் வாசலில் இருந்தது. கடைசி கார்டை அடித்துவிட்டுப் பையன் கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கும் வரை யாரும் அசையக்கூடாது என்று அவனே சொல்லி வைத்திருந்தான். நான் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். வேர்வை கண்ணில் இறங்குகிறது. ஃபேன் வேண்டும். அடங்கிவிட்டது என்று நினைத்து, "ஆச்சாடா?" என்றேன்.

அடங்கவில்லை. மைக் நாலு விரல் தள்ளித் துணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் என் குரலும் ஏறிவிட்டது. மன்னிச்சுக்கோடா, அதை வெட்டிடு, கடைசியில்தானே இருக்கு, சுலபம்தானே என்றேன். டிரம்ஸ் பையன் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, "காக்கு என்ன சொல்றார்?" என்றான். பையன் அர்த்தம் சொன்னான். மூணு பேரும் சிரித்தார்கள். வெட்டவில்லை.

பாட்டு 4 நிமிஷம் 12 செகண்ட். கடைசி செகண்ட் நான்.